பிழையின் பூர்வீகம்

மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1980களில் ஜொகூரின் ஸ்கூடாயில் வேரூன்றிய காலம் தொட்டு, நிரல் எழுதப் பழகுவோர் இந்த மாநிலத்தில் ஆண்டுதோறும் உருவாகி வருகிறார்கள். 2017இல் படிவம் 1 பாடத்திட்டத்தில் அடிப்படைக் கணினி அறிவியல் சேர்ந்தபின், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் அந்த வரிசையில் வந்துவிட்டார்கள். இவர்கள் செய்யும் பிழைகளுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் கவனக்குறைவு. அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, இந்தத் தொழிலின் முன்னோர் அன்றைய வசதிக்காக எடுத்த முடிவுகள். அவற்றின் கடனை அடைப்பவர் இன்றைய மாணவர்.

சமக்குறியை எடுத்துக்கொள்வோம். 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் அதை அச்சேற்றியதிலிருந்து, இருபுறமும் ஒரே அளவு என்பதே அதன் பொருள். ஆரம்பப்பள்ளியிலிருந்து அப்படியே படித்த பிள்ளையிடம் ‘மொத்தம் = மொத்தம் + 5’ என்று எழுதச் சொன்னால் திகைக்காமல் என்ன செய்யும்? 1957இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி, மதிப்பை மாறியில் இடுவதற்குச் சமக்குறியையே வைத்தது. அதன் எழுத்து வரிசையில் முக்காற்புள்ளியே கிடையாது. அது கையில் இருந்த அல்கால் மொழி, ‘:=’ என்று தனிக்குறி வகுத்துக் குழப்பத்தைத் தவிர்த்தது; பாஸ்கலும் அதையே பின்பற்றியது. ஆனால் 1970களில் பரவிய சி மொழி ஃபோர்ட்ரானின் பக்கம் சாய்ந்தது. மதிப்பிடுவது ஒப்பிடுவதைவிட அடிக்கடி வருவதால் அதற்குக் குறுகிய குறி போதும் என்பது அதை வகுத்தவர்களின் நியாயம். விளைவு, ‘வயது == 18’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ஒரு குறியை விட்டால், சி கேள்வி கேட்காது; வயதையே 18 ஆக்கிவிட்டு, நிபந்தனை நிறைவேறியது என்று மேலே போகும்.

தேர்ந்தவர்கள் பழகிக்கொள்ளவில்லையா, கற்பவர்தானே திருந்த வேண்டும் என்பார்கள். மாணவர் தாமே கொண்டுவரும் பிழைகளும் இருப்பதை மறுக்க முடியாது. தம் மனத்தில் இருப்பதைக் கணினி புரிந்துகொள்ளும் என்று புதியவர் நம்புவதே பிழைகளுக்கெல்லாம் தாய்ப்பிழை என்று ஆய்வாளர் ராய் பீ 1986இல் எழுதினார். எந்த மொழியை மாற்றினாலும் அது போகாது. ஆனால் எல்லாப் பிழையும் அந்த வகையல்ல. 1990களில் ரேண்டி பாஷின் குழு ஆலிஸ் என்ற கற்றல் மென்பொருளைப் பைத்தான் மொழியைக்கொண்டு உருவாக்கியபோது, 7ஐ 2ஆல் வகுத்தால் 3 மட்டும் வருவது புதியவர்களைத் தடுமாறவைத்ததைக் கண்டது. அதுவும் ஃபோர்ட்ரான் காலத்து வழக்கம்தான். 2008இல் வந்த பைத்தான் 3 அதை மாற்றியது, இன்று விடை 3.5 என்று வருகிறது. பிள்ளைகள் திடீரென்று கவனசாலிகளாகிவிடவில்லை. மொழி திருந்தியது, பிழை மறைந்தது.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. ‘ஜொகூர்’ என்பதில் எத்தனை எழுத்து? ஜொ, கூ, ர் என மூன்று. பைத்தான் 6 என்கிறது. சி மொழியில் நீளம் கேட்டால், யுடிஎஃப்-8 முறையில் 18 பைட்டு. 1991இல் வந்த யுனிகோடு, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த 1988ஆம் ஆண்டு இஸ்கி முறையைத் தழுவியது. அதில் ‘ர’ அடிப்படை, புள்ளி தனி. இலக்கணத்தில் ஓரெழுத்தாகிய ‘ர்’ கணினிக்குள் இரண்டு. சொல்லைத் திருப்பிப்போடும் நிரலை எழுதும் மாணவரின் திரையில் கொம்பும் புள்ளியும் இடம்மாறிச் சிதறினால், அவர் எவ்வளவு கவனமாக இருந்து என்ன பயன்?

இந்தக் கதைகளையெல்லாம் சொல்ல வகுப்பில் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. சமக்குறியின் கதைக்குப் பத்து நிமிடம் போதும். அதைச் சொல்லாமல் விட்டால், ஆண்டு முழுக்க அதே பிழையைத் திருத்தும் நேரம் அதைவிட அதிகம். கணக்கில் நல்ல பிள்ளை தன்னை மந்தம் என்று நினைத்துக்கொள்ளும் இழப்பு அதைவிடப் பெரிது. ஆசிரியர்களே, ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதும் முன், அந்தப் பிழை மாணவருடையதா, மொழியினுடையதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.