பால் கணக்கும் பாடப் புத்தகமும்

ஆண்டுக்கு ஒரு நாள் நம் இல்லங்களில் ஏட்டுக்கு ஏற்றம் பிறக்கிறது. கூடத்திலே பலகையிட்டு, புத்தகங்களை அடுக்கி, சந்தனம் தெளித்து, குங்குமம் இட்டு, மாலை சூட்டி வணங்குகிறார்கள். பிள்ளை ஆவலோடு ஒன்றை எடுத்துப் பிரித்துவிட்டாலோ, “தொடாதே! இன்று படிக்கக் கூடாது!” என்று அதட்டல் பறக்கிறது. கலைமகள் திருநாளன்று கலையைத் தீண்டுவது குற்றமாம்! போகட்டும், ஒரு நாள் கூத்து. மற்ற 364 நாட்களில் அந்தப் புத்தகம் வீட்டில் எவர் கைக்கு எட்டியது, எவர் கைக்கு எட்டாது போயிற்று? வரலாற்றைக் கேட்க வேண்டிய கேள்வி இதுவே, தோழர்களே!

விடை தேடி விராலிமலைக்கு வாருங்கள். திருச்சியிலிருந்து மதுரை செல்லும் சாலையிலே, மயில்கள் உலவும் குன்று. உச்சியிலே முருகன் கோயில். அக்கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்பட்டோர் 32 பெண்கள். ஏழு வயதில் அவ்வாறு விடப்பட்டு, படியேறிச் சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாள், அந்த 32 பேரில் கடைசியாக எஞ்சியவர். 2022ஆம் ஆண்டிலே அவருக்குப் பத்மசிறீ விருது வந்தது. கலையைப் போற்றினர், சரி. கலைக்கு விலையாக அப்பெண்கள் இழந்தது என்ன?

பிரெஞ்சுப் பாதிரியார் தூபுவா 1792இல் இந்நாடு வந்து முப்பது ஆண்டுகள் தங்கியவர். இந்நாட்டுப் பெண்களிலே எழுத்தும் பாட்டும் கற்பதற்கு உரிமை பெற்றோர் கோயில் பெண்டிரே என்றும், குடும்பப் பெண் படிக்கத் தெரியும் என்று சொல்லவே நாணுவாள் என்றும் எழுதி வைத்தார். சற்று மிகையான கூற்றுத்தான்; விலக்குகள் உண்டு. ஆயினும் பொதுவழக்கு அதுவே. ஏடு கிடைத்தவளுக்கு இல்லறம் இல்லை. இல்லறம் கிடைத்தவளுக்கு ஏடு இல்லை! எவ்வளவு நேர்த்தியான பங்கீடு, பார்த்தீர்களா!

இந்தப் பங்கீட்டைப் பாழாக்கிய பெண், அதே புதுக்கோட்டைச் சீமையிலே 1886 சூலை 30ஆம் நாள் பிறந்தார். தாய் சந்திரம்மாள், தேவரடியார் மரபில் வந்தவர். தந்தை நாராயணசாமி, மன்னர் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். மகள் முத்துலட்சுமியைப் பள்ளிக்கு அனுப்பியபோது வீட்டார் கொண்ட எண்ணம் மிகச் சிறியது. பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்தால் போதும்! பெண்ணுக்கு அதற்கு மேல் எதற்கு எழுத்து?

ஆனால், எழுத்து என்பது கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டியா, அளந்த கயிற்றுக்குள் மேய? பால் கணக்கு எழுதக் கற்ற கை ஆங்கிலப் பாடத்தையும் எழுதிற்று. பருவம் எய்தியதும் பள்ளி வாயில் அடைபட்டது; வீடே பள்ளியாயிற்று. தாயோ மணமுடிக்க விரும்பினார். தந்தையோ பாடம் நடத்தினார். அடுக்களை ஓசைக்கும் திருமணப் பேச்சுக்கும் நடுவே, அந்த வீட்டுச் சுவர்களுக்குள்ளே விரிந்த புத்தகங்கள் 1902இல் மெட்ரிகுலேசன் தேர்விலே வெற்றியாக விளைந்தன. மன்னர் கல்லூரியில் இடம் கேட்டதும் எழுந்தது எதிர்ப்பு. ஆண்பிள்ளைகள் கெட்டுவிடுவார்களாம்! ஒரு பெண் புத்தகம் விரித்தால் குலைந்துவிடும் ஒழுக்கத்தை எவர் கற்பித்தார்களோ, அறியோம். அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். 1904இல் இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் மருத்துவப் பட்டம்.

பின்னாளில் சென்னைச் சட்டமன்றத்திலே அமர்ந்தார். பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1927இல் தீர்மானம் கொணர்ந்தார். தாய் வழியின் துயரை அறிந்தவர் அல்லவா! ஒழிப்புச் சட்டம் நிறைவேற 1947 ஆயிற்று, இருபது ஆண்டுகள்! விராலிமலை அப்போதும் தனியரசான புதுக்கோட்டைக்குள் இருந்தது. அந்த அரசு இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது 1948 மார்ச்சில்.

இதனிடையே, 1930இல் ஒரு நிகழ்ச்சி. அவ்வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமியர் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. முத்துலட்சுமி தம் இல்லத்திலேயே அவர்களை அமர்த்தினார். கட்டிலும் தட்டும் பங்கிட்ட அதே வீட்டிலே பாடமும் பங்கிடப்பட்டது. அவ்வை இல்லத்தின் தொடக்கம் அதுதான். இழந்த இல்லமும் ஏடும், ஒரே கூரையின்கீழ் அச்சிறுமியருக்குக் கிடைத்தன.

ஒருவர் வீட்டிலே நேர்ந்தது ஊர்தோறும் நேரக் காலம் பிடித்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் எழுந்தது. பகலெல்லாம் வயலிலும் கல் குவாரியிலும் உழைத்த பெண்கள், உலை இறக்கிய பின் பலகையும் புத்தகமுமாக அமர்ந்தனர். அந்த நாட்களிலேதான் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஏறவும் கற்றனர். ஊரார் சிரித்ததையும் தாங்கிக் கற்றனர். கல்லுடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். எழுதப் பழகிய கைகள் அங்கும் கணக்குத்தான் எழுதின. ஆனால் அது தம் உழைப்பின் கணக்கு.