பழமரம் யாருடையது?

மலேசியத் தமிழர் உணவு என்று எங்கே பேச்செடுத்தாலும் வாழையிலை விரிந்துவிடுகிறது. சாம்பார், ரசம், அப்பளம், பாயசம், கடைசியில் வெற்றிலை. மாநாட்டு மலர்களிலும் சங்கத்து ஆண்டு விழாக்களிலும் இதே இலைதான். கப்பலேறி வந்த தாத்தா ஊர்ச் சமையலைத் தகரப் பெட்டியில் பூட்டிக்கொண்டு வந்து, நூறு வருஷம் கழித்து அப்படியே திறந்து பேரனுக்குப் பரிமாறியதாக ஒரு கதையாடல் இங்கே கட்டமைக்கப்பட்டிருக்கிறது. இதைப் பொய் என்று சொல்ல வரவில்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் இலை போட்டவர்கள்தான் நாம். ஆனால் வருஷத்தில் முந்நூற்றுச் சொச்ச நாள் தோட்டத்து லயத்தில் என்னத்தைத் தின்றோம் என்ற கேள்வியை அந்த இலை மூடிவிடுகிறது. மரவள்ளிக்கிழங்கு எங்கே? பெலாச்சான் வைத்து இடித்த சம்பால் எங்கே? பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் சைக்கிளில் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டு வந்த ரம்புத்தான் எங்கே? சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிலத்தைப் பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும். நிலம் யாரிடம் இருந்தது, யார் எதை நடலாம், நட்டது கடைசியில் யாருக்குச் சேரும்? பழமரங்களை வைத்து இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு சொல். காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் எங்கள் பக்கம் "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்போம். டிபன், நாஷ்டா எல்லாம் எங்கள் வாயில் வருவதில்லை. காலை உணவுக்கே பெயர் பசியாறல். தமிழ்நாட்டு முஸ்லிம்களிடமும் இந்தச் சொல் உண்டு. மலேசியாவில் அது மதம் பார்க்காமல் எல்லாத் தமிழருக்கும் பொதுவாகிவிட்டது. எனக்கு இந்தச் சொல்லில் தோட்டத்து வேலை நேரமும் கேட்கிறது. இருட்டோடு எழுந்து, பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் பால்மரக் காட்டுக்குள் போகிறவர்களுக்குக் காலை என்பது கறுப்புக் காப்பிதான். வெட்டு முடிந்த பிறகுதான் டிபன் காரியரைத் திறப்பார்கள். அப்போது ஆறுவது நிஜமான பசி. அந்தக் காரியரைக் கட்ட அம்மாக்கள் மூன்றரை, நாலு மணிக்கே அடுப்பு மூட்டியிருப்பார்கள். பிறகு அவர்களும் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். சமையலுக்கு யாரும் பேர் போட்டதில்லை.

இந்த அடுப்புக்கு அரிசி எங்கிருந்து வந்தது? ரப்பர்க் கன்று 1877இல் சிங்கப்பூருக்கு வந்தது. 1890களில் மலாக்காவில் டான் சே யான் அதை வியாபாரப் பயிராக நட்டார். அடுத்த இருபது ஆண்டில் மேற்குக் கரைக் காடுகள் அழிந்து பால்மரம் ஆயின. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தபோது கங்காணி முறை முன்னமே வேரூன்றியிருந்தது. இப்படிக் கொண்டுவரப்பட்ட உழைப்பாளிகளுக்கான அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. ஆளும் இறக்குமதி, சோறும் இறக்குமதி, மரமும் இறக்குமதி. (சம்பாலில் இடிக்கும் மிளகாயும் மரவள்ளியும்கூட ரப்பரைப் போலவே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து புறப்பட்டவைதான். 'நம்ம ஊர்க் காரம்' என்று நாம் பெருமைப்படும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.) 1920களில் 'தரமான கூலி' என்று ஒன்றை நிர்ணயித்தார்கள். உயிர் வாழ ஒரு கூலிக்கு என்ன செலவாகும் என்று பட்டியல் போட்டு, அதிலிருந்து ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றார்கள். பொருளாதார மந்தம் வந்ததும் அதையும் வெட்டினார்கள். அதிகாரத்தின் கண்ணில் தோட்டத் தமிழன் அளந்து போடவேண்டிய ஒரு வயிறு.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. மலாய்க்காரர் நிலம் கைமாறிப் போகாமல் காப்பது என்பது சொல்லப்பட்ட காரணம். அவர்களை நெல்லோடும் கம்பத்தோடும் கட்டிவைப்பதும் அதற்குள்ளேயே இருந்தது. தோட்டத் தமிழருக்கு 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு சலுகை தந்தது. குடும்பம் வைத்திருக்கும் தொழிலாளிக்குக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். அது நிர்வாகம் விட்டுத்தந்த இடம், அவ்வளவுதான். பட்டா கிடையாது. வேலை போனால் பாத்தியும் போச்சு. ஆக, காலனியம் போட்ட நில வரைபடமே சாப்பாட்டு வரைபடமாகவும் ஆயிற்று. நெல்லும் பழமும் கம்பத்துக்கு, பால்மரம் கம்பெனிக்கு, கையும் வாயும் தமிழனுக்கு. இன்றைக்கு இனவாதம் பேசுகிற எல்லாத் தரப்புக்கும் இந்த வரைபடம் இயற்கையாகவே அமைந்ததுபோலத் தெரிவதுதான் சோகம்.

எனவே பழம் எங்கள் வீடுகளுக்குள் எல்லையோரத்திலிருந்து வந்தது. பால்மரம் முடிந்து கம்பம் தொடங்குகிற இடத்தில் டுசுன் என்கிற பழத்தோப்பு இருக்கும். டுரியான், மங்குஸ்தான், லங்சாட், சம்படாக் எல்லாம் ஒரே நிழலில் நெருங்கி நிற்கும். பால்மரம் மாதிரி வரிசை பிடித்து நிற்காத மரங்கள். டுரியானை யாரும் பறிப்பதில்லை. பழுத்துத் தானாக விழவேண்டும். பெரும்பாலும் இராத்திரியில் விழும் என்பதால் தோப்புக்காரர் குடிசை போட்டுக் காத்துக்கிடப்பார். பருவத்தில் அந்தச் சத்தம் லயம் வரைக்கும் கேட்கும். "அந்தா விழுந்துருச்சு" என்று இருட்டில் யாராவது சொல்வார்கள். சொல்லத்தான் முடியும்; எழுந்து போய் எடுக்க முடியாது.

வாங்கித் தின்றோம். சம்பள நாளை ஒட்டிப் பருவம் வந்தால் குவியலாக, இல்லையென்றால் கடனுக்கு. பாட்டி முதன்முதலாக டுரியானைப் பார்த்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாராம். அதே பாட்டிதான் பிற்காலத்தில் காம்பை முகர்ந்து பார்த்து, காதோரம் வைத்துக் குலுக்கி, "இது மாவு மாதிரி இருக்கும், அத எடு" என்று சொல்லும் அளவுக்கு ஆனார். இந்த மாற்றத்தைப் 'பண்பாட்டுக் கலப்பு' என்று ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. அந்நியமான பழத்தை அவர் தன்னுடைய உடல் பற்றிய அறிவுக்குள் கொண்டுவந்தார். டுரியான் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி. அதைத் தின்றால் இதைத் தின்னவேண்டும். டுரியான் தோட்டிலேயே தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டுக் குடித்தால் சூடு இறங்கும். கள்ளுக் குடித்த அன்றைக்குக் கிட்டவே போகக்கூடாது. இந்தச் சூடு, குளிர்ச்சிக் கணக்கு மலாய்க்காரரிடமும் சீனரிடமும் அவரவர் மொழியில் இருக்கிறது. மேடையில் ஒற்றுமை பேசுகிறவர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு பொது மொழி இது. கொட்டையையும் எறிவதில்லை. டுரியான் கொட்டையும் சம்படாக் கொட்டையும் அவித்து உப்புத் தொட்டுத் தின்போம். பலாக்கொட்டை கருவாட்டுக் குழம்புக்குள் போகும். வீணாகாதது என்பதற்குச் சிக்கனம் என்று பேர் வைக்கலாம், வறுமை என்றும் வைக்கலாம்.

சாதியை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. பல தோட்டங்களில் லயமே சாதிவாரியாகப் பிரிந்திருந்தது. யார் வீட்டில் யார் தண்ணீர் வாங்குவது, எந்த இறைச்சி எந்த அடுப்பில் ஏறலாம் என்ற கணக்கெல்லாம் கடல் தாண்டி வந்து சேர்ந்தன. 'தூய' தமிழ்ச் சமையல் என்ற பேச்சுக்குள் இன்னமும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. டுரியானுக்கோ புராணம் கிடையாது. எந்தச் சாமிக்கும் அது படையல் இல்லை. எந்தச் சாதிக்கும் அதில் முதல் மரியாதை இல்லை. லயத்து முன்வாசலில் சாக்கு விரித்து, ஒரே பழத்தைப் பிளந்து நாலு வீட்டுக் கை உள்ளே போவதைத் தடுக்க விதி எழுதப்படவில்லை. பழம் சாதியை ஒழித்துவிட்டது என்று கதை விட மாட்டேன்; அடுத்த நாள் தண்ணீர்க் குழாயில் அது திரும்ப வந்து நிற்கும். ஆனால் விதி எட்டாத ஒரு சின்ன இடம் அந்தச் சாக்கின் மேல் இருந்தது. நம்முடைய உணவு வரலாறுகள் வாழையிலையிலேயே குந்திக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சப்பான்காரன் காலம், 1942 முதல் 1945 வரை, அரிசிக் கப்பல் நின்றது. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோறாயின. சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களில் பல்லாயிரம் தோட்டத் தமிழர் திரும்பவில்லை. அந்தப் பசியை அனுபவித்த தலைமுறை பிற்பாடு மரவள்ளியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிள்ளைகள் ஆசையாகக் கேட்டால் "அது பஞ்சத்துச் சோறு, வேணாம்" என்பார்கள். மாநாட்டு மலர்களில் மரவள்ளி இல்லாமல் போனதற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை, துக்கமும்தான்.

1948இல் அவசரகாலம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று அரசு ஒவ்வொரு அரிசி மணியையும் சந்தேகத்தோடு பார்த்தது. தோட்ட வீடுகளை ஒன்றாக நெருக்கி முள்வேலி போட்டார்கள். அரிசிக்கு ரேஷன். கடையில் டப்பா உணவு விற்றால் அங்கேயே துளையிட்டுத்தான் கொடுக்கவேண்டும், சேர்த்து வைக்க முடியாதபடி. சில பகுதிகளில் அரிசியாகவே கொடுக்காமல் பொது அடுப்பில் ஆக்கிய சோற்றைக் கொடுத்தார்கள். வேலிக் கதவில் சோதனை. காட்டுக்குள் சோறு கொண்டுபோகத் தடை. பசியாறல் என்ற சொல் அந்த வருஷங்களில் என்ன அர்த்தம் கொண்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். அவசரகாலத்தைத் துப்பாக்கியின் வரலாறாக எழுதியவர்கள் உண்டு. காரியரின் வரலாறாக எழுதியவர்கள் குறைவு.

இத்தனைக்கு நடுவிலும் லயத்துப் பின்பக்கம் மரம் நட்டார்கள். முருங்கை, கறிவேப்பிலை, வாழை எல்லாம் சீக்கிரம் பலன் தருபவை. அவற்றோடு பலா, மா, ரம்புத்தான், சில இடங்களில் டுரியான். இங்கேதான் கொஞ்சம் நிற்கவேண்டும். கொட்டை போட்டு முளைத்த டுரியான் காய்க்க ஏழெட்டு வருஷமாவது ஆகும், பத்தும் தாண்டலாம். 'தமிழன் இங்கே தங்க வந்தவன் இல்லை, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுபவன்' என்பது காலனியச் சொல்லாடல். சுதந்திர மலாயாவின் அரசியலும் அதைப் பல வடிவங்களில் மறுபடி மறுபடி சொன்னது. லயத்துப் பின்னால் நின்ற டுரியான் கன்றை ஒரு பிரதியாக வாசித்தால் அந்தச் சொல்லாடலுக்கு நேர் எதிரான வாக்குமூலம் கிடைக்கிறது. பத்து வருஷம் கழித்துப் பழம் தின்ன நினைத்தவர்கள் மூட்டை கட்டி வைத்திருந்தவர்கள் அல்ல. நட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர்தான் பாய்ச்சல்.

ஆனால் சட்டம் இந்தப் பிரதியை வாசிக்காது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தொகுப்பு 'நிலம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில், அதன் மேல் வளர்ந்திருக்கும் தாவரங்கள் எல்லாமும் அடக்கம். உழைப்பைப் போட்டு வளர்த்ததா, தானாக வளர்ந்ததா என்பது பொருட்டே இல்லை. பாட்டி கழுவுநீர் ஊற்றிய பலாமரம் கம்பெனியின் நிலம். 1950களில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோதே இது உறைத்தது. அதற்கு எதிர்வினையாகத்தான் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளின் காசிலேயே அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்த முயற்சியின் பெருமையையும் வரம்புகளையும் தனியாகத்தான் பேசவேண்டும். பெரும்பாலான தோட்டங்கள் அதற்குள் வரவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய் வீடமைப்பும் நெடுஞ்சாலையும் வந்தன.

சிலாங்கூரின் டெங்கிலை எடுத்துக்கொள்வோம். ஒரே ஊரில் இரண்டு கதைகள். 1995இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக புக்கிட் தம்போய் கம்பத்துத் தெமுவான் பழங்குடி மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. வீட்டுக்கும் பயிருக்கும் பழமரங்களுக்கும் அரசு இழப்பீடு தந்தது, நிலத்துக்குத் தரவில்லை. 1954ஆம் ஆண்டுப் பழங்குடியினர் சட்டம் மரத்தை அவர்களுடையதாக ஒத்துக்கொள்கிறது. மரம் நிற்கும் மண் அவர்களுடையதா என்பதுதான் சிக்கல். அவர்கள் வழக்குப் போட்டார்கள். சாகோங் தாசி வழக்கு என்று பெயர் பெற்ற அதில் 2002இல் உயர்நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மண்ணும் அவர்களுடையதே என்றன. அதே 1990களில் புத்ராஜெயா எழுவதற்காகப் பேராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் காலியாயின. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அந்தச் சுவர்கள் விரிசல் விட்ட செய்தி பல வருஷம் பத்திரிகைகளில் வந்தது. மாற்று வீடுகளுக்கான திட்டம் பல வருஷம் கழித்துத்தான் உருப்பெற்றது. தெமுவான் மக்களின் மரம் எண்ணப்பட்டது, மண்ணுக்காக அவர்கள் போராடவேண்டியிருந்தது. தோட்டத் தமிழருக்கு வேலைநீக்க ஈட்டுத்தொகை என்று பேசப்பட்டது, மாற்று வீடு என்று பேசப்பட்டது. மரம் பேச்சிலேயே வரவில்லை. நாமும் கேட்கவில்லை என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கேட்டோம், கோயிலுக்குக் கேட்டோம். லயத்துப் பலாவுக்கு யாரும் மனு எழுதவில்லை.

இன்றைக்கு டுரியான் பெரிய வியாபாரம். மூசாங் கிங் ரகம் 1993இல் பதிவானது, 2024இலிருந்து புதுப் பழமாகவே சீனாவுக்கு விமானம் ஏறுகிறது. எடை போட்டு விற்கிறார்கள், அடுக்குமாடிக் குடும்பங்கள் மாதக் கடைசியில் விலை கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. மூடிய தோட்டங்களின் நினைவு மலர்கள் இப்போது நிறைய வருகின்றன. தலைமையாசிரியர் பட்டியல், கோயில் தலைவர் பட்டியல், பந்து விளையாட்டுக் கோப்பை, எல்லாம் இருக்கின்றன. அடுத்த மலருக்காகக் கிழவிகளிடம் பேச்சு எடுக்கப் போகிற தோழர்கள் ஒலிப்பதிவுக் கருவியை முடுக்கியதும் திருவிழாவைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டுப் பார்க்கலாம்: "ஒங்க லயத்துக்குப் பின்னால என்னென்ன மரம் நின்னுச்சு? யாரு நட்டாங்க? மொதக் காய யாருக்குக் கொடுத்தீங்க?"