தடுக்கப்பட்ட முரசு

1739ஆம் ஆண்டில் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றருகே கிளர்ந்தெழுந்த ஆபிரிக்க அடிமைகள் முரசறைந்தே அணிவகுத்தனர். மறு ஆண்டே அடிமைகள் முரசு வைத்திருத்தல் சட்டத்தால் விலக்கப்பட்டது. படைக்கலத்தோடு முரசையும் ஆள்வோர் ஒருங்கே விலக்கியமை நோக்கற்பாலது.

கல்லூரிக் கல்விக்காக 1950இல் அமெரிக்கா சென்ற நைஜீரியர் பாபதுண்டே ஒலதுஞ்சி, 1960களில் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் ஆபிரிக்கப் பண்பாட்டு நிலையம் நிறுவினார். அங்கு முரசும் ஆடலும் கற்பிக்கப்பட்டன. அப்பகுதி மக்களிற் பலர் அவ்வடிமைகளைப் போன்றோரின் வழித்தோன்றல்களே. அவர் கற்பித்த முறையில், ‘குன், டுன்’ தோலின் நடுவில் எழும் ஆழ்ந்த ஒலி. ‘கோ, டோ’ விளிம்பின் திறந்த ஒலி. ‘பா, டா’ அறைவொலி. ஒவ்வோர் இணையிலும் முன்னது வலக்கைக்குரியது, பின்னது இடக்கைக்குரியது. நம் மிருதங்கச் சொற்கட்டை அறிந்தார்க்கு இது வியப்பன்று.

1967 ஏப்ரலில் சாக்சபோன் மேதை ஜோன் கொல்ட்றேன் அந்நிலையத்தில் வாசித்தார். மூன்று திங்களுள் மறைந்தார். வரலாறு அக்கச்சேரியையே பெரிதும் பேசுகின்றது. யானோ வகுப்பையே பெரிதென்பேன்.