ஹதீஸ்: "இதை யாரிடம் கேட்டாய்?"



சென்ற வாரம் நம் பங்கு மக்களின் வாட்ஸ்அப் குழுவில் 'ஹதீஸ்' என்ற பெயரில் ஒரு கொடிய வாசகம் வலம் வந்தது. எந்த நூலில் உள்ளது, யார் அறிவித்தது என்ற குறிப்பேதும் அதில் இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று இலங்கையில் உறவுகளைப் பறிகொடுத்தோர் வெஸ்ட்மீட்டிலும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்தம் வலியை அறிந்தே இதனை எழுதுகிறேன்.

அரபியில் இச்சொல்லின் வேர்ப்பொருள் புதிதாதல், நிகழ்தல் என்பதாகும். அதினின்று செய்தி, பேச்சு என்னும் பொருள்கள் கிளைத்தன. குருமடத்தில் எபிரேயம் பயின்றபோது 'ஹதாஷ்' என்றால் 'புதியது' எனக் கற்றோம். எரேமியா 31:31 கூறும் புதிய உடன்படிக்கையில் வருவது அச்சொல்லே. இரண்டும் ஒரு வேரில் பிறந்தவை. குர்ஆனில் மோசேயின் வரலாறும் 'ஹதீஸ்' எனப்படுகிறது. நபிகள் நாயகத்தின் சொல், செயல், அங்கீகாரம் பற்றிய அறிவிப்பு என்னும் சிறப்புப் பொருள் பின்னரே நிலைபெற்றது. தமிழ் பேசும் முஸ்லிம்கள் அதனை 'நபிமொழி' என அழகுற வழங்குகின்றனர்.

நபிகள் 632இல் மறைந்தபின் உள்நாட்டுப் போர்கள் மூண்டன. தத்தம் கட்சிக்குச் சாதகமாகச் சிலர் பொய்யான நபிமொழிகளைப் புனைந்தனர். ஆகவே, "இதை யாரிடம் கேட்டாய்?" என வினவும் முறை வலுப்பெற்றது. அந்த அறிவிப்பாளர் தொடருக்கு 'இஸ்னாத்' என்று பெயர். 870இல் மறைந்த இமாம் புகாரீ போன்றோர் ஒவ்வோர் அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்தனர். தொடர் அறுந்த செய்தி பொதுவாகப் 'பலவீனமானது' எனப்பட்டது.

இம்முறை நமக்கும் அந்நியமன்று. புனித இரேனியு, தாம் இளமையில் பொலிக்கார்ப்பிடம் கேட்டதையும், பொலிக்கார்ப்பு யோவானோடு பழகியதையும் எடுத்துக்காட்டியே திருத்தூதர் மரபுக்குச் சான்று பகர்ந்தார். லூக்காவும் தம் நற்செய்தியின் முகவுரையில், கண்ணால் கண்டோர் ஒப்படைத்ததையே ஆராய்ந்து எழுதுவதாகக் கூறுகிறார்.

இஸ்லாமியக் கொள்கையை ஏற்குமாறு நான் கேட்கவில்லை. கொடுமை இழைத்தோரின் குற்றத்தை மறைக்கவும் சொல்லவில்லை. ஆனால் பொய்ச்சான்றை விலக்கும் எட்டாம் கட்டளை கைபேசிக்கும் பொருந்தும். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரே ஒரு வாக்கியத்திற்காக ஒருவர் இத்தனை பேரை விசாரித்தார். நாமோ ஒருவரையும் விசாரியாமல் நூறு பேருக்கு அனுப்புகிறோம். அவ்வாசகத்தை இன்னும் வைத்திருப்போர், அனுப்பியவரிடம் அந்தக் கேள்வியை ஒருமுறை கேளுங்கள். விடை கிடைக்காவிடில் அழித்துவிடுங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை