சிகரத்தில் விட்டு வந்தவை

1953-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி காலை டென்ஸிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றது கால்மணி நேரந்தான். இறங்குவதற்கு முன் டென்ஸிங் பனியில் சிறு குழி பறித்துச் சாக்லேட்டும் மிட்டாயும் வைத்து மூடினார். அவருக்கு அந்த மலை சோமோலுங்மா, தெய்வம். தெய்வத்தின் வாசலுக்கு வெறுங்கையோடு போகலாமா?

அந்த யாத்திரையில் வேறு சாமான்களும் மலையில் தங்கிவிட்டன. காலிப் பிராணவாயுக் குப்பிகள், கூடாரங்கள், உணவு டப்பாக்கள். அதைக் குற்றமென்று அன்று யாரும் எண்ணவில்லை; எண்ண நியாயமும் இல்லை. 1952-ல் வந்த ஸ்விஸ் கோஷ்டி மேலே போட்டுவிட்டுப் போன உணவு இவர்களுக்கு உபயோகப்பட்டது. மூன்று நாள் முன்னதாக ஏறிய போர்டில்லனும் எவன்ஸும் வழியில் வைத்திருந்த குப்பிகளில் மீந்த பிராணவாயுவைச் சுவாசித்துத்தான் டென்ஸிங்கும் ஹில்லாரியும் கீழே இறங்கினார்கள். ஒருவர் விட்டது மற்றவருக்கு உயிராயிற்று.

மிச்சம் குப்பையானது கூட்டம் பெருகிய பிறகுதான். 1990-களில் பணம் வாங்கிக்கொண்டு மலையேற்றிவிடும் கம்பெனிகள் பெருகின. 2019-ம் ஆண்டு வசந்த காலத்தில் மட்டும் நேபாள அரசு 381 பேருக்கு அநுமதி கொடுத்தது. ஊரில் எறிந்தால் மக்கி மண்ணாகிவிடும் பொருளும் அந்தக் குளிரில் மக்குவதில்லை. 1924-ல் காணாமற்போன மல்லோரியின் உடலே 75 ஆண்டு கழித்து, 1999-ல், உருக்குலையாமல் அகப்பட்டதே!

2014-ல் நேபாள அரசு ஒரு விதி செய்தது. அதன்படி மலையேறும் ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பை கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் கோஷ்டி கட்டிய 4,000 டாலர் முன்பணம் திரும்பாது என்று இருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் தராசு எடையைத்தான் சொல்லும். குப்பை எந்த உயரத்தில் கிடந்தது என்று சொல்லாது. அடிவாரத்தில் பொறுக்கியதும் 8 கிலோ. மூச்சு முட்டும் உச்சியருகே பனியை வெட்டி எடுத்ததும் 8 கிலோ.

அப்படி வெட்டி எடுத்துச் சுமப்பவர் யார்? பெரும்பாலும் ஷெர்ப்பாக்கள். அதே 2014 ஏப்ரலில் கும்பு பனியருவியில் பனி சரிந்து மாண்ட 16 பேரும் நேபாளத் தொழிலாளர்களே. பிறருடைய மூட்டைகளைச் சுமந்து போகும் வழி அது. குப்பையைச் சுமந்து இறங்குவதும் அதே வழிதான். 2019-ல் அரசாங்கம் நடத்திய துப்புரவில் ஏறக்குறைய 11 டன் குப்பையும் நான்கு சடலங்களும் இறங்கின.

ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குக்கு 2020 ஜனவரி முதல் அந்த வட்டாரத்தில் தடை வந்தது. அந்த ஆண்டிலேயே விஞ்ஞானிகள் இன்னொரு செய்தி சொன்னார்கள்: 8,440 மீட்டர் உயரத்துப் பனியிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் இருக்கின்றன. உடையிலிருந்தும் கயிற்றிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் உதிர்ந்தவையாக இருக்கலாம் என்றார்கள். எவரும் வேண்டுமென்று எறிந்தவை அல்ல; எந்த முன்பணத்துக்கும் பயந்து திரும்பி வரக்கூடியவையும் அல்ல.

அந்தப் பனி உருகித் தூத் கோசியாக இறங்குகிறது. மலைக்குத் தின்பண்டம் படைத்துவிட்டு வந்த டென்ஸிங்கின் இனத்தார் அந்தப் பள்ளத்தாக்கில்தான் குடியிருக்கிறார்கள்.