இடுகாட்டிலிருந்து திரும்பும் இசை

1956 ஆகஸ்ட் 2 அன்று, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள டுலூத் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஆல்பர்ட் வுல்சன் என்ற முதியவர் காலமானார். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் தரப்பில் பணியாற்றியோர் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் எஞ்சியிருந்த கடைசி மனிதர் இவர். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் இரங்கல் செய்தி வெளியிட்டார். இராணுவ மரியாதையுடன் அடக்கம் நடைபெற்றது.

இத்தனைக்கும் வுல்சன் தளபதி அல்லர். பெரும்போர் எதிலும் வாளேந்தி நின்றவரும் அல்லர். அவர் ஒரு பேரிகைச் சிறுவன். மரவேலையும் இசையும் அறிந்த சிற்றூர்க்காரராகவே பிற்கால வாழ்வையும் கழித்தவர். ஒரு பெரும்படையின் நினைவு முழுவதும் கடைசியில் இப்படி ஒருவரின் தோளில் வந்து இறங்கியது தற்செயல்தான். ஆனால் அச்சுமையை அவர் எவ்வாறு சுமந்தார் என்பது தற்செயல் அன்று.

நியூயார்க் மாநிலத்தின் ஆன்ட்வெர்ப் என்னும் சிற்றூரில் பிறந்தவர் வுல்சன். தந்தை வில்லார்டு போர் தொடங்கியதும் படையில் சேர்ந்தார். காயமுற்று மினசோட்டாவின் மருத்துவமனை ஒன்றில் அவர் கிடக்கிறார் என்று அறிந்து தாயும் மகனும் அங்கே சென்றனர். தந்தை பிழைக்கவில்லை. 1864 அக்டோபர் 10 அன்று, மினசோட்டா முதலாம் கனரகப் பீரங்கிப் படையின் 'சி' பிரிவில் மகன் பேரிகை அடிப்பவனாகப் பெயர் பதிந்துகொண்டான்.

முரசு என்றதும் நம் மனத்தில் வேந்தனும் வெற்றியுமே தோன்றுவது இயல்பு. அந்தப் போரின் பேரிகையோ ஓய்வற்ற ஒரு வேலைக் கருவி. விடியலில் வீரர்களை எழுப்பவும், உணவுக்கும் பயிற்சிக்கும் அழைக்கவும், இரவில் விளக்கணைக்கச் சொல்லவும் அதுவே மொழி. மனிதக் குரல் எட்டாத களத்தில் கட்டளைகளைக் கொண்டுசென்றதும் அதுதான். சண்டை மூண்டால் பேரிகைச் சிறுவர்கள் பலர் காயம்பட்டோரைத் தூக்கிவரும் பணிக்குச் செல்ல நேர்ந்தது.

வுல்சனின் படை டென்னஸி மாநிலத்தின் சட்டனூகா நகரைக் காக்கும் பணியில் இருந்தது. போர்முனையைக் காணாமலே 1865 செப்டம்பரில் அது கலைக்கப்பட்டது. ஆனால் சண்டை இல்லாத இடத்தில் சாவும் இல்லை என்று பொருளாகாது. அந்தப் போரில் மாண்டவர்கள் 6 இலட்சத்துக்கும் மேல். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரைக் கொன்றது குண்டு அன்று, நோய். பாசறைகளில் அடக்கம் செய்யும் பணி ஓயவில்லை.

அக்காலத்தைப் பற்றி வுல்சன் முதுமையில் சொன்ன ஒரு நினைவு உண்டு. இறந்தவர்களைப் புதைக்கச் செல்லும் குழுவோடு இசைச் சிறுவர்களும் செல்வார்கள். போகும்போது துயர இசை; திரும்பும்போது துள்ளலான மெட்டு. ஒருநாள் பெண்மணி ஒருவர் சாலைக்கு வந்து, சாவு வீட்டுக்கு இது என்ன இசை என்று கேட்டாராம். இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டோம், இப்போது இருப்பவர்களுக்குத் தெம்பூட்டுகிறோம் என்று இவர் பதில் சொன்னாராம். எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் மனத்தில் உருண்டு மெருகேறிய நினைவு அது. சொல்லுக்குச் சொல் உண்மை என்று கொள்ள வேண்டியதில்லை. எனினும் அந்தத் தலைமுறை தன் கடமையை எப்படிப் புரிந்துகொண்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. போகும் வழிக்கு ஓர் இசை, திரும்பும் வழிக்கு வேறோர் இசை.

இந்த இரண்டு இசையையும் ஓர் அமைப்பாகத் திரட்டியது 'குடியரசின் மாபெரும் படை' என்ற முன்னாள் வீரர் சங்கம். 1866 ஏப்ரல் 6 அன்று இல்லினாய்ஸ் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் அதன் முதற்கிளை தொடங்கப்பட்டது. 1890-இல் உறுப்பினர்கள் 4 இலட்சத்தைத் தாண்டினார்கள். வடக்கின் சிற்றூர்கள்தோறும் அதற்குக் கிளைகள் இருந்தன. மே மாத இறுதியில் வீரர்களின் கல்லறைகளுக்கு மலர் சூட்டும் நாளை 1868-இல் நாடெங்கும் பரப்பியது அச்சங்கமே. இறந்தவர்களுக்கான பணி அது. இருப்பவர்களுக்காக முதியோர் இல்லங்களையும் ஓய்வூதியத்தையும் கேட்டுப் போராடியது. 1890-களின் தொடக்கத்தில் நடுவண் அரசின் வருவாயில் ஏறத்தாழ 40 விழுக்காடு முன்னாள் வீரர்களின் ஓய்வூதியத்துக்கே சென்றது என்றால் அதன் செல்வாக்கை உணரலாம். இதை வாக்கு வங்கி அரசியல் என்று அன்றே சாடியவர்கள் உண்டு. அந்தச் சாடலிலும் உண்மை இல்லாமல் இல்லை.

வுல்சன் இச்சங்கத்தின் எளிய உறுப்பினர்களுள் ஒருவர். போருக்குப் பின் மினசோட்டாவின் சிற்றூர்களில் வாழ்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டுலூத்துக்குக் குடிபெயர்ந்தார். மரவேலை சோறு போட்டது, இசை கைவிடவில்லை. தோழர்கள் ஒவ்வொருவராக மறைய, பள்ளிப் பிள்ளைகளிடம் சென்று போரைப் பற்றிப் பேசுவதைத் தம் கடமையாகக் கொண்டார். அவருடைய பிறந்தநாள் ஊரின் விழாவாயிற்று. வாழ்த்து மடல்கள் வந்து குவிந்தன. பெருமை தேடி அவர் எங்கும் போகவில்லை. நெடுநாள் வாழ்ந்ததால் அது அவரைத் தேடி வந்தது.

சங்கத்தின் கடைசிப் பேரவை 1949-இல் இண்டியானாபொலிஸ் நகரில் கூடியது. நாடு முழுவதும் எஞ்சியிருந்த உறுப்பினர்கள் 16 பேர். வந்து அமர்ந்தவர்கள் 6 பேர். அவர்களுள் வுல்சனும் ஒருவர். இன்னொருவர் ஜோசப் குளோவிஸ். லூசியானாவில் அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து வடக்கின் படையில் சேர்ந்த கறுப்பினத்தவர்; அவரும் இளமையில் பேரிகை அடித்தவர்தாம். வடக்கு, தெற்கு இரு தரப்பின் வீரத்தையும் சேர்த்துப் போற்றி, போர் எதற்காக நடந்தது என்பதை மெல்ல மறந்துவிடும் வழக்கம் அதற்குள் நாடெங்கும் வேரூன்றியிருந்தது. அந்த அறையில் குளோவிஸ் அமர்ந்திருந்ததே மறக்கக் கூடாத விடைதான்.

இச்சங்கத்தின் விதிகளுள் என்னை மிகவும் கவர்வது ஒன்றுண்டு. போரில் பணியாற்றியவர் மட்டுமே உறுப்பினராகலாம். மகன்களுக்குத் தனி அமைப்பு இருந்ததே தவிர, தந்தையரின் இடத்தில் அவர்கள் அமர முடியாது. தன் முடிவைத் தானே எழுதிவைத்துக்கொண்டு இயங்கிய அமைப்பு அது. 1953-இல் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ் ஹார்டு மறைந்தபின் வுல்சன் ஒருவரே எஞ்சினார். மூன்று ஆண்டுகள் அச்சங்கம் முழுவதும் ஒரே மனிதர். அவர் மறைந்ததும் சங்கம் கலைந்தது. ஆவணங்கள் காங்கிரஸ் நூலகத்துக்குச் சென்றன. பதவியும் பெயரும் பரம்பரைச் சொத்தாவதையே கண்டு பழகிய நமக்கு, இது சிந்திக்கத்தக்கது.

வரலாற்று மாணவர் தயங்க வேண்டிய இடமும் இங்கே உண்டு. இறக்கும்போது தமக்கு 109 வயது என்பது வுல்சன் சொன்ன கணக்கு. அதன்படி பிறந்த ஆண்டு 1847. ஆனால் 1850ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப் பதிவேட்டில் அவர் சில மாதக் குழந்தை. ஆக, இறந்தபோது வயது 106. 1864-இல்தான் 16 வயது நிரம்பாதோரைப் படையில் சேர்க்கலாகாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் செய்தது. 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மூன்று வயது எப்போது கூடியிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. ஆனால் அது ஊகமே.

வயது பிறழ்ந்தாலும் பணி பிறழவில்லை. வுல்சன் படையில் இருந்ததற்குப் பதிவு இருக்கிறது. தெற்கின் கடைசி வீரர் எனப்பட்ட வால்டர் வில்லியம்ஸ் 1959 டிசம்பரில் டெக்சஸில் இறந்தபோது நாடே துக்கம் கொண்டாடியது. போர்க்காலத்தில் அவர் சிறு குழந்தை என்பதைக் குடிக்கணக்குப் பதிவுகளைக் கொண்டு வில்லியம் மார்வெல் என்ற வரலாற்றாசிரியர் 1991-இல் எடுத்துக்காட்டினார். கடைசி மனிதர் என்று எவரையேனும் கண்டுவிடும் ஆவல் சமூகத்துக்கு உண்டு. அந்த ஆவலின் நடுவே பழைய பதிவேடொன்றைப் புரட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவு ஆகாது. உண்மையான சாட்சிக்கு நாம் செய்யும் மரியாதையே அது.

கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் வுல்சனுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. அவர் காணாத போர் அது. சங்கத்தின் உறுப்பினர் அனைவருக்குமான நினைவாகவே, 1956-இல், சிற்பி ஏவர்டு ஃபேர்பேங்க்ஸ் செய்த அச்சிலை நிறுவப்பட்டது. சிலையைக் கண்டு செல்வோர் அறியாத இன்னொரு நினைவுச் சின்னமும் இருந்தது. அந்தப் போரின் வீரர் ஒருவருக்கு முதுமையில் பிறந்த மகள், மாதம் 73 டாலர் 13 சென்ட் ஓய்வூதியத்தை 2020 வரை பெற்றுவந்தார். அவ்வாண்டு மே மாத இறுதியில் அவர் மறைந்தபோதுதான் அந்தக் கணக்கு முடிந்தது. கடைசி வீரர் போய் 64 ஆண்டுகளுக்குப் பிறகும், திரும்பும் வழிக்கான இசையை அந்த நாடு மாதந்தோறும் தவறாமல் வாசித்துக்கொண்டிருந்தது.