பதிவேடும் பச்சிளங்குழந்தையின் அழுகுரலும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

திருப்பாலைவனத்தைக் கடந்து பழவேற்காட்டை அடைவோர் அங்கே டச்சுக்காரரின் பழைய கல்லறைகளைக் காண்பர். 1613-இல் அவர்கள் அங்கே ஜெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். நெய்த துணிகளைக் கணக்கெழுதிக் கப்பலேற்றினர். அதே துறையிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். வணிகரின் ஏட்டில் அவர்களும் சரக்கே! மனிதனை எண்ணிக்கையாக எழுதுவது எவ்வளவு கொடியதாக முடியும் என்பதற்கு நம் ஏரிக்கரையே சாட்சி.

ஆனால், மனிதனைக் காப்பதற்காகவும் ஏடு எழுதப்பட்ட வரலாறு உண்டு. அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் 'திவான்' என்னும் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். அதன் காலம் ஹிஜ்ரி 15 என்றும் 20 என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அதில் பெயர் உள்ளோருக்குப் பைத்துல் மாலிலிருந்து உதவித்தொகை வழங்கப்பட்டது. பால்குடி மறந்த குழந்தைக்கே பங்கு உண்டு என்பது தொடக்கத்தில் இருந்த விதி. ஓர் இரவு, மதீனாவுக்கு வந்து தங்கியிருந்த வணிகக் கூட்டத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்த உமர் (ரலி) அவர்கள், ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டார்கள். காரணம் கேட்டபோது, உதவித்தொகை பெறுவதற்காகக் காலத்திற்கு முன்பே பாலை மறக்கச் செய்வதாக அதன் தாய் கூறினாள். தம்மிடம் பேசுபவர் கலீஃபா என்பதை அவள் அறியவில்லை. அன்று ஃபஜ்ரு தொழுகையில் அவர்கள் அழுத அழுகையால் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை என இப்னு ஸஅத் பதிவு செய்துள்ளார். பின்னர், பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் பங்கு உண்டு என்ற அறிவிப்பு எங்கும் அனுப்பப்பட்டது.

பதிவேடு நன்மைக்காகவே எழுதப்பட்டது. ஆயினும் அதன் ஒரு விதி ஒரு குழந்தையைப் பசியால் அழவைத்தது. அந்த அழுகுரலை ஏட்டில் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. இரவில் நடந்து சென்ற ஒருவரின் செவியே அதைக் கேட்டது.

பிற்காலத்தில் நம் முன்னோர் மருத்துவத்தையும் சமூக உதவியையும் ஒரே கூரையின்கீழ் நடத்தினர். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் அமைத்த மன்சூரி மருத்துவமனை வக்ஃப் வருமானத்தால் இயங்கியது. செல்வர், வறியவர் என்ற வேறுபாடு அங்கே பார்க்கப்படவில்லை. மருத்துவமனைக்கு வர இயலாத ஏழை நோயாளிகளுக்கு வீட்டிற்கே மருந்தும் உணவும் அனுப்ப அதில் ஏற்பாடு இருந்தது.

இன்று நம் மாநிலத்தில் அந்தப் பணியைக் கணினி சுமக்கிறது. 2008-இல் தமிழக அரசு 'பிக்மி' என்னும் இணையவழிப் பதிவைத் தொடங்கியது. கர்ப்பிணி ஒருவரைக் கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்ததும் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கிறது. பரிசோதனை, தடுப்பூசி, பிரசவம், குழந்தையின் வளர்ச்சி எல்லாம் அவ்வெண்ணோடு சேர்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பயனுக்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அவ்வெண் கேட்கப்படுகிறது. அதே 2008-இல் 108 அவசர ஊர்தியும் வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது.

இதன் பலன் சிறிதன்று. உயிருடன் பிறக்கும் 1 லட்சம் குழந்தைகளுக்கு 2001-03-இல் 134 ஆக இருந்த தமிழகத்தின் தாய் இறப்பு, 2018-20-இல் 54 ஆகக் குறைந்தது. கணினி மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. இரவு பகலாகத் திறந்திருந்த ஆரம்ப சுகாதார நிலையங்களும், வீடு வீடாக நடந்த செவிலியர்களின் கால்களும் சேர்ந்தே இதைச் செய்தன.

அந்தக் கால்கள் எட்டாத இடத்தில் என்ன நிகழும்? எம் மதரஸாவில் ஓதும் ஏரிக்கரைச் சிறுமி ஒருத்தி ஒருநாள் தன் தந்தையின் கைப்பேசியைக் கொண்டுவந்து, "ஹஜ்ரத், இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். கருவுற்றிருந்த அவள் தாயைப் பரிசோதனைக்கு அழைத்த குறுஞ்செய்தி அது. வந்து ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன. கைப்பேசி தந்தையோடு படகிலேயே இருந்திருக்கிறது. ஆங்கில எழுத்தை வாசிக்க அவர் அறியார். மறுநாளே என் மனைவி அத்தாயை அழைத்துச் சென்றார். அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலம். ஆனால் அச்சிறுமி கேட்காமல் இருந்திருந்தால்? கணினியின் கணக்கில் செய்தி அனுப்பப்பட்டாயிற்று. தாயோ அதை அறியவே இல்லை.

செய்தி கடைசி வீட்டைச் சேர ஒரு மனிதக் குரல் வேண்டும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை நடத்தியது. இணையத்தில் கிடைத்த அலை உயர விவரத்தை வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தனர். 3,500-க்கும் மேற்பட்ட மக்கள் கொண்ட அவ்வூர் ஆழிப்பேரலையிலிருந்து உயிர் தப்பியது.

நம் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கி இருக்கிறது. ஜும்ஆவுக்குப் பின் தடுப்பூசி நாளை அறிவிக்கலாம். படித்த பிள்ளைகள் அண்டை வீட்டாரின் குறுஞ்செய்தியை வாசித்துச் சொல்லலாம். பிரசவத்திற்காகத் தாய்வீடு செல்லும் பெண், ஏரிக்கு அப்பால் ஆந்திர எல்லைக்குள் போனாலும், தன் எண்ணையும் பரிசோதனை அட்டையையும் கையோடு கொண்டுசெல்ல நினைவூட்டலாம். அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் இவ்வுதவிக்கு உரியவரே.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒருவரின் நோயும், ஒரு பெண்ணின் கருவும் அமானிதம். முகாம் நாளை ஒலிபெருக்கியில் சொல்லலாம்; நோயாளியின் பெயரைச் சொல்லலாகாது. ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் மருத்துவச் சீட்டைப் பகிர்வதும் அமானித மோசடியே. கடனை எழுதி வைக்கக் கட்டளையிடும் பகரா அத்தியாயத்தின் நீண்ட வசனம், எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்றும் சேர்த்தே கட்டளையிடுகிறது. ஏட்டுக்குரிய அந்த அறம் கணினிக்கும் உரியது.

யா அல்லாஹ்! எங்கள் பதிவேடுகளில் விடுபட்டோரின் குரலைக் கேட்கும் செவிகளை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.